புதுச்சேரி, கடலூர் வட்டாரத்தில் மகரந்த அளவை யாரேனும் கணக்கெடுக்கிறார்களா?

லாஸ்பேட்டைவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஒவ்வோர் ஆண்டும் பொங்கல் கழிந்ததும் எனக்குத் தும்மல் தொடங்கிவிடுகிறது. பங்குனி வெயில் ஏறும் வரை விடுவதில்லை. காலையில் கண்விழித்ததும் அடுக்குத் தும்மல், தண்ணீராக ஒழுகும் மூக்கு, கண்ணிலும் அண்ணத்திலும் நமைச்சல். காய்ச்சலோ உடல்வலியோ இருப்பதில்லை என்பதால் இது சாதாரணச் சளிப்பிடிப்பு இல்லை என்று தெரிகிறது. மகரந்த ஒவ்வாமையாக இருக்கலாம் என்று சொல்லி மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்.

கைப்பேசியிலுள்ள வானிலைச் செயலி தினமும் மகரந்த அளவு என்று ஒரு பட்டையைக் காட்டுகிறது. மர மகரந்தம் 'மிகக் குறைவு', புல் மகரந்தம் 'குறைவு' என்று அது பச்சை நிறத்தில் காட்டும் நாள்களில்தான் நான் கைக்குட்டையைக் கீழே வைக்க முடியாமல் தவிக்கிறேன். ஆகவே கேட்கிறேன்: நம் ஊரில் மகரந்தத்தை உண்மையாகவே அளந்து வெளியிடும் இடம் உண்டா? இந்த மாதங்களில் எந்தச் செடியை, எந்த மரத்தைச் சந்தேகிக்கலாம்? மாதக்கணக்கில் தினமும் மாத்திரை போட்டுக்கொள்வது சரிதானா?

நுண்ணோக்கி, மஞ்சக்குப்பம்:

தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் முதல் கேள்விக்கு விடை சொல்கிறேன். பொதுமக்கள் பார்க்கும்படி மகரந்த எண்ணிக்கையைத் தினமும் வெளியிடும் நிலையம் புதுச்சேரியிலும் இல்லை, கடலூரிலும் இல்லை. செயலி காட்டுவது கணிப்பு மட்டுமே. தாவரப் பரவல், வெப்பநிலை, காற்று, மழை ஆகிய தரவுகளைக் கணினிக் கணிப்பு மாதிரி ஒன்றில் இட்டு, 'இன்று இவ்வளவு இருக்கக்கூடும்' என்று அது ஊகித்துச் சொல்கிறது. செயலியின் விவரப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பிர்ச், ஓக், ஆலிவ், ரேக்வீட் போன்ற வெளிநாட்டுப் பெயர்கள்தாம் பெரும்பாலும் வரும். நம் கடற்கரை நெடுக நிற்கும் சவுக்கும், ஏரிக்கரைகளை அடைத்துக் கிடக்கும் வேலிகாத்தானும் அங்கே தென்படுவது அரிது. நம்மைத் தும்ம வைக்கும் மரங்களையே கணக்கில் கொள்ளாத பட்டை பச்சையாக இருந்தால் என்ன, சிவப்பாக இருந்தால் என்ன?

உண்மையான அளவீடு என்பது பொறுமை வேண்டும் வேலை. ஹிர்ஸ்ட் என்ற ஆங்கிலேயர் 1952இல் வடிவமைத்த பொறியின் வழிவந்த கருவிகள்தாம் இன்றும் உலகெங்கும் புழக்கத்தில் உள்ளன. அது நிமிடத்துக்கு 10 லிட்டர் காற்றை உறிஞ்சி, மணிக்கு 2 மில்லிமீட்டர் வீதம் நகரும் பசைநாடாவின் மேல் மோதவிடும். அந்த நாடாவை வெட்டி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியின் கீழ் வைத்து ஒருவர் கண்ணால் பார்த்து இனம் பிரித்து எண்ண வேண்டும். அப்படி எண்ணிய பிறகுதான் 'ஒரு கன மீட்டர் காற்றில் இத்தனை துகள்' என்ற எண் கிடைக்கும். அமெரிக்காவில் புல் மகரந்தம் கன மீட்டருக்கு 20ஐத் தொட்டாலே 'அதிகம்' என்கிறார்கள். மர மகரந்தத்துக்கு அந்த எல்லை 90. அவை அவர்களுடைய நிலையங்களின் பதிவுகளிலிருந்து வகுத்த எல்லைகள் என்பதால் அப்படியே இங்கே பொருத்த முடியாது.

இதில் எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. மகரந்தத்தை இனம் காண்பதற்கு ஒரு நூலகமே இருக்கும் ஊர் புதுச்சேரி. செயிண்ட் லூயி வீதியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் வெப்பமண்டலத் தாவரங்களின் மகரந்தக் கண்ணாடித் தகடுகள் பல்லாயிரக்கணக்கில் அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. அத்தொகுப்பை வளர்த்ததில் பெரும்பங்கு முனைவர் கணபதி தணிகைமணி அவர்களுடையது. 1986 செப்டம்பர் 5 அன்று கராச்சியில் கடத்தப்பட்ட விமானத்தில் அவர் உயிரிழந்தார். பழங்காலக் காடுகளையும் தட்பவெப்பத்தையும் அறிவதற்காகத் திரட்டப்பட்ட தொகுப்பு அது. அன்றாடக் காற்றை அளப்பது அந்த ஆய்வகத்தின் பணியன்று என்பது புரிகிறது. ஆனாலும் ஒப்பிட்டுப் பார்க்கத் தகடுகளை உள்ளூரிலேயே வைத்துக்கொண்டு, காற்றில் இன்று என்ன மிதக்கிறது என்று தெரியாமல் நாம் இருக்கிறோமே! சண்டிகரில் அங்குள்ள பட்டமேற்படிப்பு மருத்துவ நிறுவனமும் பஞ்சாப் பல்கலைக்கழகமும் சேர்ந்து நகருக்கென்று மகரந்த நாட்காட்டி ஒன்றை உருவாக்கியிருக்கின்றன. இங்கும் அது ஆகாத காரியமன்று.

ஈசிஆர்_பயணி:

ஐயா, ஜவகர் நகரில் காற்றுத் தர நிலையம் ஒன்று உள்ளதே, கடலூரில் குடிகாட்டிலும் இருக்கிறது. அவற்றின் எண்களை இணையத்தில் யாரும் பார்க்கலாம். புதுச்சேரியில் பல நாள்கள் காற்று 'நன்று' என்றே வருகிறது. காற்று நன்றாக இருக்கும்போது மகரந்தம் மட்டும் எப்படி மிகுதியாக இருக்கும்?

நுண்ணோக்கி, மஞ்சக்குப்பம்:

அந்த நிலையங்கள் அளக்கும் துகள்களில் பெரியவை 10 மைக்ரோமீட்டருக்கு உட்பட்டவை. மகரந்தத் துகள் பெரும்பாலும் அதைவிடப் பெரியது. பார்த்தீனியத்தின் துகள் 15 முதல் 20 மைக்ரோமீட்டர், புல் வகைகளில் பலவற்றுக்கு 30, 40, மக்காச்சோளத்துக்கு 90க்கும் மேல். ஆகவே முழு மகரந்தம் அந்தக் கணக்கில் ஏறுவதே இல்லை. காற்றுத் தரக் குறியீடு 'நன்று' என்றால் புகையும் நுண்தூசியும் குறைவு என்று பொருள். அதை வைத்து மகரந்தத்தைப் பற்றி ஒன்றும் சொல்ல இயலாது.

பாகூரான்:

என் ஓட்டு சவுக்குக்குத்தான். பாகூர் பக்கம் எங்கள் நிலத்தை ஒட்டியே சவுக்குத் தோப்பு உள்ளது. மாசி மாத வாக்கில் ஆண் பூக்கள் ஊசிக் கிளைகளின் நுனியில் பழுப்பு நிறத்தில் மெல்லிய கதிர்போல் வந்திருக்கும். பனி காய்ந்த பிறகு ஒரு கிளையைப் பிடித்து உலுக்கினால் மஞ்சள் கலந்த பொடி புகையாகப் பறந்து சட்டையில் படியும். பெண் பூ சிவப்பாகக் கொத்தாக இருக்கும், அதில் பொடி கிடையாது. மழைக்காலத்துக்கு முன் புரட்டாசியை ஒட்டி இரண்டாம் முறையும் பூப்பதைப் பார்க்கிறோம். தேவனாம்பட்டினம், தாழங்குடா, காலாப்பட்டு என்று கடலோரம் முழுவதும் இதே மரம்தான். தானே புயலில், 2011 டிசம்பர் கடைசியில், எத்தனையோ தோப்புகள் படுத்துப்போயின; ஓரிரு ஆண்டுகளில் மறுபடியும் நட்டு எழுப்பிவிட்டார்கள். நான்கைந்து ஆண்டுகளில் வெட்டிக் காசாக்கும் பயிரை யார் விடுவார்கள்?

அடுத்தது காலி மனைகளில் மண்டும் பார்த்தீனியம். ஐப்பசி, கார்த்திகை மழையில் முளைத்தது மார்கழி, தையில் வெள்ளை வெள்ளையாகப் பூத்து நிற்கும். முளைத்த ஒரு மாதம் ஒன்றரை மாதத்திலேயே பூத்துவிடுகிற செடி என்பதால் பிடுங்குவதானால் பூக்கும் முன்பே பிடுங்க வேண்டும். கையில் உறையும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம். எங்கள் ஊரில் வெறுங்கையால் பிடுங்கியவர்களுக்கு முழங்கை வரை தோல் தடித்துக் கருத்துப்போனதைக் கண்டிருக்கிறேன்.

மாடித்தோட்டம், ரெட்டியார்பாளையம்:

எங்கள் தெருவில் குடியிருப்போர் சங்கத்தில் செம்மயிற்கொன்றை மரத்தையும் வேப்ப மரத்தையும் வெட்டச் சொல்லி ஒரு சிலர் மனு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். சித்திரையில் கொன்றைப் பூ சாலை முழுவதும் சிவப்பாகக் கொட்டுகிறது, வேப்பம்பூ வண்டிகளின் மேல் உதிர்கிறது, எதிர்வீட்டு இலவ மரத்துப் பஞ்சு வேறு வீட்டுக்குள் பறந்து வருகிறது. அலர்ஜிக்கு இவைதாம் காரணம் என்கிறார்கள். இது உண்மையா?

நுண்ணோக்கி, மஞ்சக்குப்பம்:

தயவுசெய்து அந்த மனுவில் கையெழுத்திட வேண்டாம். கண்ணைக் கவரும் பெரிய பூக்கள் தேனீயையும் பறவையையும் அழைப்பதற்காகவே அப்படிப் பூக்கின்றன. அவற்றின் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது. காற்றில் நெடுந்தொலைவு போகாது. செம்மயிற்கொன்றையின் அடியில் கட்டில் போட்டுப் படுப்பவரைத் தவிர வேறு யாருக்கும் அது தொல்லை தருவது அபூர்வம். இலவம்பஞ்சும் எருக்கம்பஞ்சும் விதையோடு வரும் இழைகள்; அவை மகரந்தமே அல்ல. பஞ்சு பறக்கும் அதே வாரங்களில் கண்ணுக்குத் தெரியாத வேறு ஒன்று பறந்துகொண்டிருக்கும், பழி பஞ்சின் மேல் விழும்.

தொல்லை தருபவை பூ என்றே நாம் மதிக்காதவை. அருகம்புல் உள்ளிட்ட புல் வகைகள், முள்ளுக்கீரை, ஆமணக்கு, வாய்க்கால் ஓரத்துச் சம்பு, சவுக்கு, வேலிகாத்தான், ஆரோவில் பக்கம் ஏராளமாக நட்ட ஆஸ்திரேலிய அகேசியா ஆகிய அனைத்தின் மகரந்தமும் ஒவ்வாமை தருவதாக இந்திய ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. தென்னையும் அப்பட்டியலில் உண்டு, அதற்காகத் தென்னையை வெட்டிவிட முடியுமா? விருத்தாசலம் பக்கம் கம்பு பூக்கும் நாள்களையும், நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு வெள்ளிக் கதிர் விடும் நாள்களையும் கவனியுங்கள். நெற்பூ முற்பகலில் சில மணி நேரம் மட்டுமே திறந்திருக்கும் என்பதால் அந்நேரத்தில் வரப்பில் நிற்காமல் இருப்பது ஒவ்வாமை உள்ளவருக்கு எளிய தற்காப்பு.

கிழக்குவாசல்_65, உப்பளம்:

கடற்கரைச் சாலையில் மாலை நடைக்குப் போனால் எனக்கு மூச்சு இலேசாகிறது, அதே ஆள் காலையில் தாவரவியல் பூங்காப் பக்கம் போனால் தும்மி ஓய்வதில்லை. பல ஆண்டுகளாக இப்படித்தான். இதில் காற்றின் திசைக்குப் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். இரவும் அதிகாலையும் நிலக்காற்று மேற்கிலிருந்து வருகிறது. வயல், தோப்பு, காலி மனை எல்லாவற்றையும் தடவிக்கொண்டு வருகிறது. நண்பகலை ஒட்டிக் கடற்காற்று திரும்பிவிட்டால் வங்கக் கடலிலிருந்து வரும் காற்றில் மரமும் இல்லை, செடியும் இல்லை. ஆகவே வெளிவேலைகளைக் கடற்காற்று பிடித்த பிறகு வைத்துக்கொள்கிறேன். ஆடி மாத மேல்காற்றில் கடற்காற்று தாமதித்து வரும், சில நாள் வராமலே போகும். அந்நாள்களில் இந்தக் கணக்கு செல்லாது.

பாகூரான்:

கடலோரச் சவுக்குத் தோப்பு கடலுக்கும் உங்களுக்கும் நடுவில் இருந்தால் கடற்காற்றே பொடியைக் கொண்டுவந்து கொட்டும், ஐயா. உப்பளத்துக்குச் சரி. தாழங்குடாவில் குடியிருப்பவருக்கு உங்கள் அறிவுரை எதிராகவே முடியும்.

கிழக்குவாசல்_65, உப்பளம்:

ஏற்கத்தக்க திருத்தம். வீட்டுக்கும் கடலுக்கும் இடையே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கெடிலக்கரை_அம்மா:

எல்லோரும் மரத்தையும் காற்றையும் பற்றியே பேசுகிறீர்கள், நான் வீட்டுக்குள் அழைத்துச் செல்ல விரும்புகிறேன். என் மகனுக்கு ஏழு வயது. இரவில் இருமல், நெஞ்சில் விசில் சத்தம், மூக்கை உள்ளங்கையால் மேல்நோக்கித் தேய்த்துத் தேய்த்து மூக்கின் குறுக்கே கோடே விழுந்துவிட்டது. எதிர்மனைப் பார்த்தீனியம்தான் காரணம் என்று உறுதியாக நம்பிக்கொண்டிருந்தோம். தோல் பரிசோதனையில் பார்த்தீனியத்துக்கு ஒன்றுமே எழவில்லை. படுக்கைத் தூசியில் வாழும், கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சிக்கும் பூஞ்சைக்கும் கை தடித்து எழுந்தது.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது அனைவருக்கும் நினைவிருக்கும். எங்கள் வீட்டிலும் தண்ணீர் புகுந்தது. தண்ணீர் வடிந்த பிறகு தரையைக் கழுவினோம், பொருள்களைக் காயவைத்தோம், மர அலமாரியை மட்டும் சுவரை ஒட்டியே விட்டுவிட்டோம். தை மாதம் அதை நகர்த்தியபோது பின்பலகை முழுவதும் கரும்பச்சைப் புள்ளிகள், சுவரில் ஓர் ஆள் உயரத்துக்குப் பூசணம். அவன் கட்டில் அந்த அலமாரிக்கு அடுத்து இருந்தது. அலமாரியை அப்புறப்படுத்தி, ஈரக் காரையைக் கொத்திவிட்டுப் புதிதாகப் பூசி, அவன் படுக்கையை வேறு அறைக்கு மாற்றினோம். மருத்துவர் எழுதிக் கொடுத்த இன்ஹேலரும் தொடர்கிறது. இரவு இருமல் பெருமளவு அடங்கியிருக்கிறது.

இலவம்பஞ்சு மெத்தையையும் தலையணையையும் உறையிட்டு மூடச் சொன்னார்கள். போர்வையையும் விரிப்பையும் வாரம் ஒருமுறை 55, 60 பாகைச் சுடுநீரில் துவைக்க வேண்டுமாம். எங்கள் வீட்டுத் துவைக்கும் இயந்திரத்தில் அவ்வளவு சூடு வராது என்பதால் அண்டாவில் வெந்நீர் வைத்து ஊறவைக்கிறேன்.

லாஸ்பேட்டைவாசி:

அம்மா சொன்னதைப் படித்ததும் ஒரு கேள்வி எழுகிறது. எனக்குத் தும்மல் கடுமையாக இருப்பது விடியற்காலை, அதாவது படுக்கையை விட்டு எழும் முன்பே. பாகூரார் சொல்லும் சவுக்குப் பொடி பனி காய்ந்த பிறகுதான் பறக்கிறது என்றால் என்னுடைய காலைத் தும்மலுக்கு அது பொருந்தவில்லையே?

வில்லியனூர்_மருந்தாளுநர்:

சரியான இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள். கண் நமைச்சல் மகரந்தத்தின் பக்கம் கைகாட்டுகிறது, படுக்கையில் வரும் தும்மல் தூசிப் பூச்சியின் பக்கம் கைகாட்டுகிறது. இரண்டும் சேர்ந்தே இருப்பவர் நம் கடற்கரை ஊர்களில் மிகுதி. ஈரப்பதம் ஆண்டு முழுவதும் உயர்ந்திருப்பதால் தூசிப் பூச்சிக்கு இங்கே பஞ்சகாலமே கிடையாது. ஆண்டு முழுவதும் அது மெல்லத் தொல்லை கொடுத்துக்கொண்டே இருக்க, தை மாசியில் மகரந்தமும் சேரும்போது தாங்கும் எல்லை கடந்துவிடுகிறது. போகிப் புகை, கொசுவத்தி, வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி போன்றவை ஒவ்வாமையைத் தோற்றுவிப்பவை அல்ல. ஆனால் ஏற்கெனவே புண்பட்ட மூக்கை அவை மேலும் எரிச்சலூட்டும்.

இனி மாத்திரைக்கு வருகிறேன். செட்டிரிசின், லெவோசெட்டிரிசின், லோராடடின், ஃபெக்ஸோஃபெனடின் ஆகியவற்றைப் பருவம் முழுவதும் தினமும் எடுத்துக்கொள்வது மருத்துவர் ஆலோசனையோடு நடைமுறையில் உள்ளதே. செட்டிரிசின் சிலருக்குத் தூக்கம் தரும். வண்டி ஓட்டுபவர்கள் இரவில் போட்டுக்கொள்வது நல்லது. ஃபெக்ஸோஃபெனடினைப் பழச்சாறோடு விழுங்கினால் உடலில் சேரும் அளவு குறைந்துவிடும், வெறும் தண்ணீர் போதும். கடைகளில் 'சளி மாத்திரை' என்று கேட்டு வாங்கும் கலவைகளில் பெரும்பாலும் குளோர்ஃபெனிரமின் இருக்கும். அது தலையை மந்தமாக்கும், நீண்ட நாள் பயன்பாட்டுக்கு உரியதன்று.

மூக்கடைப்பும் தினசரித் தொல்லையும் உள்ளவருக்கு மாத்திரையைவிட நன்கு வேலை செய்வது ஃப்ளூட்டிகசோன், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரே. ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டே பலர் பின்வாங்குகிறார்கள். மூக்கில் தெளிக்கும் அளவு மிகச் சிறியது, உடலுக்குள் போவது அதிலும் சொற்பம். அது முழுப்பலன் தர ஒன்றிரண்டு வாரம் ஆகும். அடித்த அன்றே நிற்கவில்லை என்று தூக்கிப் போடுபவர்கள்தாம் அதிகம். உங்களுக்குப் பொங்கலுக்குப் பிறகு தொடங்குகிறது என்றால் மார்கழி இறுதியிலேயே மருத்துவரைப் பார்த்துத் தொடங்குவது அறிவுடைமை. அடிக்கும் விதமும் முக்கியம்: தலையைச் சற்றே முன்பக்கம் குனிந்து, வலது துவாரத்துக்கு இடக்கையாலும் இடது துவாரத்துக்கு வலக்கையாலும் பிடித்தால் முனை தானாகவே வெளிப்பக்கம் சாயும். நடுத்தண்டை நோக்கி அடிப்பதால்தான் பலருக்கு மூக்கில் இரத்தம் கசிகிறது.

உடனே மூக்கைத் திறந்துவிடும் ஸைலோமெட்டசோலின், ஆக்ஸிமெட்டசோலின் சொட்டு மருந்துகளைப் பற்றி எச்சரிக்காமல் இருக்க முடியாது. மூன்று, மிஞ்சிப்போனால் ஐந்து நாள்களுக்கு மேல் விட்டால் மருந்தே அடைப்பை உண்டாக்கும். சட்டைப் பையில் அந்தப் புட்டி இல்லாமல் வெளியே கிளம்ப முடியாத நிலைக்கு வந்தவர்கள் எங்கள் கடைக்கு வருகிறார்கள். மான்டெலுகாஸ்ட் சேர்ந்த மாத்திரைகள் இங்கே சர்வ சாதாரணமாக எழுதப்படுகின்றன. மனநிலை மாற்றம், தூக்கக் கலக்கம், கெட்ட கனவு போன்றவை குறித்து அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020இல் அதன் மிகக் கடுமையான எச்சரிக்கையை விதித்தது. பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பெற்றோர் இதை அறிந்திருக்க வேண்டும். பருவத்துக்கு ஒருமுறை 'அலர்ஜி ஊசி' என்று சொல்லிப் போடப்படும் ஸ்டீராய்டு ஊசியை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

மாடித்தோட்டம், ரெட்டியார்பாளையம்:

உள்ளூர்த் தேனைத் தினமும் உண்டால் உள்ளூர் மகரந்தம் பழகிவிடும் என்கிறார்களே? உப்புநீரால் மூக்கைக் கழுவுவது பற்றியும் சொல்லுங்கள்.

வில்லியனூர்_மருந்தாளுநர்:

தேனீ திரட்டுவது பூச்சிக்காகப் பூக்கும் பூக்களின் மகரந்தத்தை. நம்மைத் தும்ம வைப்பது காற்றுக்காகப் பூக்கும் பூக்களின் மகரந்தம். நுண்ணோக்கி ஐயா மேலே சொன்ன அதே வேறுபாடு இங்கும் வருகிறது. தேனை ருசிக்காக உண்ணுங்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கொடுக்க வேண்டாம். உப்புநீர்க் கழுவல் உண்மையில் பயன் தரும், செலவும் இல்லை. ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு என்ற கணக்கில் கலக்க வேண்டும். தண்ணீர் கட்டாயம் கொதித்து ஆறியதாக இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரையோ கிணற்று நீரையோ அப்படியே மூக்கில் விட்டால், மூளையைத் தாக்கும் அமீபாத் தொற்று வரும் வாய்ப்பு அரிதாகவேனும் உண்டு. ஸ்பிரே அடிப்பவர்கள் முதலில் கழுவிவிட்டுப் பிறகு அடிக்க வேண்டும், மாற்றிச் செய்தால் மருந்து போய்விடும்.

கெடிலக்கரை_அம்மா:

இன்னொன்றும் கேட்க வேண்டும். இடி மழை பெய்யும் நாளில் மகனுக்கு இளைப்பு கூடுகிறது. மழை தூசியை அடக்கும் என்றல்லவா நினைப்போம்?

நுண்ணோக்கி, மஞ்சக்குப்பம்:

நிதானமாகப் பெய்யும் மழை காற்றைக் கழுவிவிடும். இடி மழைக்கு முன்வரும் சூறைக்காற்று மகரந்தத்தையும் பூஞ்சை வித்துகளையும் வாரி எடுக்கிறது. ஈரம் பட்ட புல் மகரந்தம் ஊறி வெடித்து நுண்துணுக்குகளாகிறது. முழுத் துகள் மூக்கோடு நின்றுவிடும், துணுக்கோ நுரையீரலின் ஆழம் வரை போகும். மெல்போர்னில் 2016 நவம்பர் 21 அன்று மாலை இப்படி ஒரு புயலில் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறலோடு மருத்துவமனைகளுக்கு ஓடினார்கள், பத்துப் பேர் இறந்தார்கள். நம் ஊரில் கோடை இடி மழைக்கு முன் பிள்ளையை வீட்டுக்குள் அழைத்து, காற்று ஓயும் வரை சன்னல்களைச் சாத்தி வைப்பது நல்லது.

நுண்ணோக்கி, மஞ்சக்குப்பம்:

அடுத்த பருவத்துக்குள் நாமே தொடங்கக்கூடிய ஒன்றை முன்வைக்கிறேன். கண்ணாடித் தகட்டில் மெல்லிசாக வாசலின் தடவி, மழை படாதபடி மேலே ஒரு மூடி வைத்து, மொட்டை மாடியில் ஒரு நாள் முழுவதும் விட்டு எடுத்தால் படிந்தவற்றைக் கல்லூரி நுண்ணோக்கியில் பார்க்கலாம். டர்ஹம் என்பவர் 1940களில் முறைப்படுத்திய வழி இது. கன மீட்டருக்கு இத்தனை என்ற எண் இதில் கிடைக்காது, பெரிய துகள்கள் தம் பங்கைவிட அதிகமாகப் படியும். ஆயினும் எந்த வாரத்தில் எது வந்தது, எது போனது என்பது தெரிந்துவிடும். 400 மடங்கு உருப்பெருக்கத்தில் பார்த்தீனியத் துகள் முள்முள்ளாகத் தெரியும்; புல் துகள் வழுவழுப்பான உருண்டை, ஒரே ஒரு துளை; சவுக்குக்கு மூன்று துளைகள், விளிம்பு சற்றே முக்கோணம். மாணவர்கள் ஒரே மாலையில் பழகிக்கொள்வார்கள்.

அதோடு ஒவ்வொருவரும் ஒரு தாளில் நாள்தோறும் தொல்லையின் அளவைச் சுழியம் முதல் மூன்று வரை குறித்து, எந்த நேரத்தில், எந்தத் திசைக் காற்றில், அருகில் எது பூத்திருந்தது, அன்று மாத்திரை எடுத்தோமா என்பதையும் சேர்த்துக்கொண்டால் போதும். பாகூரில் ஒன்று, மஞ்சக்குப்பத்தில் ஒன்று, லாஸ்பேட்டையில் ஒன்று என்று மூன்று தகடுகள் இருந்தாலே செயலியின் பச்சைப் பட்டையைவிட மேலான செய்தி கிடைக்கும்.

பாகூரான்:

பாகூருக்கு நான் பொறுப்பு. தகடும் மூடியும் எப்படிச் செய்வது என்று படம் அனுப்புங்கள்.

லாஸ்பேட்டைவாசி:

லாஸ்பேட்டைத் தகடு என் மாடியில். இதற்கிடையில் மருத்துவரிடம் மீண்டும் சென்று தோல் பரிசோதனைக்கு நாள் குறித்துவிட்டேன். பரிசோதனைக்கு முன் மாத்திரையை நிறுத்த வேண்டும் என்றார்கள். ஸ்பிரேயையும் நிறுத்த வேண்டுமா? பரிசோதனையில் காரணம் தெரிந்துவிட்டால் அதற்கென்று தனி மருத்துவம் உண்டா?

வில்லியனூர்_மருந்தாளுநர்:

மாத்திரையை ஏறத்தாழ ஒரு வாரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். சரியான நாள் கணக்கை உங்கள் மருத்துவரே சொல்வார். ஸ்பிரே தோல் பரிசோதனையைக் கெடுக்காது, தொடரலாம். அந்த நாள்களில் இருமல் மருந்து, சளி மாத்திரை எதையும் கடையில் கேட்டு வாங்கிக் குடித்துவிடாதீர்கள், குளோர்ஃபெனிரமின் அவற்றில் ஒளிந்திருக்கும். மனச்சோர்வுக்கோ தூக்கத்துக்கோ அமிட்ரிப்டிலின் போன்ற மருந்து எடுப்பவர்கள் அதைத் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். முன்கையில் ஒவ்வொரு சொட்டாக வைத்து இலேசாகக் குத்துவார்கள், 15 முதல் 20 நிமிடத்தில் முடிவு தெரியும். தடிப்பு 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் உடல் அப்பொருளை இனம் கண்டு வைத்திருக்கிறது என்று பொருள். உங்கள் தொல்லைக்கு அதுதான் காரணமா என்பதை, நீங்கள் எழுதி வைத்திருக்கும் குறிப்போடு ஒப்பிட்டுத்தான் முடிவு செய்வார்கள். ஆகவே தாளையும் கையோடு கொண்டு செல்லுங்கள்.

தனி மருத்துவம் உண்டு. காரணமான பொருளையே மிகச் சிறிய அளவில் ஊசியாகவோ நாவின் அடியில் வைக்கும் சொட்டாகவோ கொடுத்துப் பழக்குவார்கள்; மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் விடாமல் தொடர வேண்டும். ஊசி போட்டுக்கொண்டால் குறைந்தது அரைமணி நேரம் மருத்துவமனையிலேயே இருக்க வேண்டும். பரிசோதனை நாளுக்கு முன் மாத்திரை இல்லாமல் மூச்சிரைப்போ நெஞ்சிறுக்கமோ வந்தால் நாளைத் தள்ளிப்போட்டுவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள். பரிசோதனையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.